அடா: தோழமைச் சொல்லா, சாட்டைச் சொல்லா?

எழுபது அகவை கடந்த உழவர் ஒருவர் வரப்பின்மீது நிற்கிறார். ஐம்பது ஆண்டுகள் ஏர்பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. எதிரே பண்ணைக்காரரின் பத்து அகவைப் பெயரன் வருகிறான். “எங்கேடா போகிறாய்?” என்கிறான் சிறுவன். “வாய்க்காலுக்குங்க, சின்ன ஐயா” என்கிறார் முதியவர். சிறுவனின் நாக்கில் தயக்கம் இல்லை. முதியவரின் கண்ணில் வியப்பும் இல்லை. இருவருக்கும் அது காற்றுப்போல் இயல்பாகிவிட்டது. நேற்றுவரை தமிழகத்துச் சிற்றூர்தோறும் இக்காட்சி இருந்தது. இன்றும் அது முற்றும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லத் துணிவார் எவரும் இலர்.

அந்த உரையாடலில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. குலப்பெயர் இல்லை. அடி இல்லை, உதை இல்லை. இருப்பது ஒரே ஓர் எழுத்து: ‘டா’. அந்த ஓரெழுத்து ஒரு மாந்தனின் அகவையை அழித்தது; உழைப்பை அழித்தது; அவன் தந்தை என்பதையும் பாட்டன் என்பதையும் அழித்தது. தமிழில் இதனினும் சிறிய படைக்கருவி வேறொன்று உண்டோ?

இதைக் கண்ட ‘படித்தவர்’ சிலர் உடனே தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். “தமிழே இப்படித்தான், ஆளுக்கொரு மதிப்பு வைத்துப் பேசும் மொழி. ஆங்கிலத்தைப் பாருங்கள், அரசிக்கும் ஆண்டிக்கும் ஒரே சொல்!” என்கின்றனர். நீ என்பதா, நீங்கள் என்பதா என்ற இக்கட்டு வந்தவுடன் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகின்றனர். அலுவலகத்தில் தாவுகின்றனர், திருமணப் பேச்சில் தாவுகின்றனர், ஈன்ற குழந்தையிடமும் தாவுகின்றனர். குற்றம் செய்தவன் ஒருவன். தண்டனை பெறுவது மொழி! வீட்டில் ஓட்டை விழுந்தால் ஓட்டையை அடைக்காமல் அடுத்தவன் திண்ணையில் குடியேறும் அறிவுடைமை இது.

இக்குற்றச்சாட்டை ஆராய்ந்து பார்ப்பது கடமை. முதலாவதாக, அந்தச் சொல்லின் பிறப்பு எத்தகையது?

தோழா, தோழி என்பனபோல் ஏடா, ஏடி என்பனவும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் உரிய விளிகள். வாய்வழக்கில் தேய்ந்து அவை அடா, அடி என்றாயின; பின்னும் தேய்ந்து வாடா, போடி என வினையோடு ஒட்டிக்கொண்டன. நெருங்கியவரை நெருங்கியவர் அழைக்கும் சொல்லுக்குத் தமிழ் இலக்கணம் தனி இடமே தந்துள்ளது. ‘எல்லா’ என்றொரு விளி பழந்தமிழில் இருந்தது. ஆணையும் அவ்வாறு அழைக்கலாம்; பெண்ணையும் அவ்வாறு அழைக்கலாம். கெழுதகைமை பற்றி, அஃதாவது உரிமையும் நட்பும் பற்றி, இருபாலுக்கும் பொதுவாக வரும் சொல் என்று தொல்காப்பியர் நூற்பாவுக்கு உரை கண்டோர் இதனைக் காட்டினர். கலித்தொகையில் தோழியும் தலைவியும் இச்சொல்லால் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கின்றனர். குறுந்தொகையில் நண்பனை ‘எலுவ’ என்று விளிக்கும் பாட்டு உண்டு. நெல்லைச் சீமையின் ‘ஏலே’, ‘லே’ என்பன அப்பழஞ்சொல்லின் கால்வழியே என்பர் சொல்லாய்வாளர். ஆக, பிறந்தபோது இச்சொற்கள் சாட்டையாகப் பிறக்கவில்லை. தோளில் போட்ட கையாகப் பிறந்தன.

இனி, ‘நீ’ என்னும் ஒருமை இழிவா? புறநானூற்றைத் திறப்போர்க்கு விடை கிடைக்கும். வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவன் முன்சென்று நிற்கிறார். நிலவரி நிலுவையை நீக்கவேண்டும் என்பது வேண்டுகோள். வேண்டி வந்தவர் புலவர், கொடுக்கவேண்டியவன் முடிவேந்தன். ஆயினும் அவனை ‘நீ’ என்றே முன்னிலைப்படுத்துகிறார். உழவரைக் காக்காத குடை குடையன்று என்னும் கருத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவன் சினக்கவில்லை, நிலுவையை விடுத்தான் என்று அப்பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகிறது. கபிலரும் ஒளவையாரும் வேந்தரையும் வேளிரையும் அவ்வாறே விளித்தனர். அக்காலத்து ‘நீ’ நிமிர்ந்த முதுகின் சொல்.

ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கைத் தொல்காப்பியரும் அறிந்திருந்தார். ஆனால் அதனை எவ்வாறு வகைப்படுத்தினார்? வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல் அது. இலக்கண முறைமையில் அமைந்த சொல்வழி அன்று என்று தெளிவாகப் பிரித்தார். ஒருவனுக்கு ஒருமை, பலர்க்குப் பன்மை. இதுவே மொழியின் அடிப்படைச் சட்டம். மேல் கீழ் என்பது மக்கள் பின்னால் ஏற்றிய சுமை. பிற்காலத்துப் பவணந்தியாரோ இன்னும் நுணுக்கமாகச் சொன்னார். பாலும் திணையும் மாறி வருவதற்கு உவப்பும் உயர்வும் சிறப்பும் கரணியம். சினமும் இழிப்பும் கரணியம் என்று ஒரே நூற்பாவில் அடுக்கினார். மகிழ்ச்சியும் இழிப்பும் ஒரே வாயிலின் வழியாக வெளிவரும் என்பதை இலக்கணம் அன்றே கண்டுகொண்டது.

வழிபாட்டிலும் இதுவே நடை. ‘தம்பிரான் தோழர்’ எனப்பட்ட சுந்தரர் தம் முதற்பாட்டிலேயே இறைவனைப் பித்தன் என்று விளித்தார். பாரதியார் கூற்றுவனையே ‘வாடா’ என்று கால்மாட்டுக்கு அழைத்தார். கடவுளை ‘நீ’ என்கிறான் தமிழன். கூற்றுவனை ‘டா’ என்கிறான். ஆனால், சான்றிதழுக்குக் கையொப்பம் இடவேண்டிய அலுவலர்முன் மட்டும் முதுகு வளைந்து ‘சார், சார்’ என்று ஒன்பதுமுறை சொல்கிறான்! இறைவனிடம் இல்லாத அச்சம் எழுத்தரிடம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. தாய் மகனை ‘வாடா’ என்கிறாள். மகன் தாயை ‘நீ வா’ என்கிறான். தோழன் தோழனை ‘டா’ என்கிறான். அவனும் திருப்பிச் ‘சொல்லடா’ என்கிறான். அங்கே சொல் போகிறது, வருகிறது. போய்வரும் சொல் உறவு. பண்ணையாரின் ‘டா’வுக்குத் திரும்பி வர வழி இல்லை. காவல்நிலையத்து ‘டா’வுக்குத் திரும்பி வர வழி இல்லை. மேலிருந்து கீழே விழும், மேலே ஏறாது. ஏறினால் தலை போகும். திரும்பிவர இயலாத சொல்லே இழிவு. குற்றம் எழுத்தில் இல்லை. ஒருவழிப் பாதையில் இருக்கிறது. இதனை உணராதார் சொல்லைத் தூற்றுகின்றனர்; உணர்ந்தும் உணராதார்போல் நடிப்போர் அச்சொல்லைக் கொண்டே ஆள்கின்றனர்.

இழிவு என்று சொல்லும்போது எவரெவர்மீது அது விழுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தெருவைத் தூய்மை செய்பவர்மீது விழுகிறது. முடிதிருத்துபவர், சலவை செய்பவர், சுமை தூக்குபவர்மீது விழுகிறது. வீட்டுவேலை செய்யும் பெண்மீது ‘டி’யாக விழுகிறது. குடிக்கணக்கு எடுக்க வேண்டியதே இல்லை. ஓர் ஊரில் யார்யாரை யார்யார் ‘டா’ என்கின்றனர் என்று குறித்துக்கொண்டாலே போதும். அவ்வூரின் குல அடுக்கு முழுவதும் கோடு போட்ட படமாக வந்துவிடும். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். கணவன் மனைவியை ‘என்னடி’ என்பான். அவள் திருப்பி ‘என்னடா’ என்றால் வானம் இடிந்து விழும்! காதலில் இருவரும் சொல்லிக்கொண்ட சொல் திருமணத்துக்குப் பின் ஒருவர்க்கு மட்டும் உரிமையாகிவிடுவது எந்த அறம்?

செய்தித்தாள்களின் நடையோ இன்னொரு கூத்து. ஏழை ஒருவன் ஒரு தேங்காய் திருடினான் என்று ஐயம் எழுந்தால், தீர்ப்பு வருமுன்பே அவன் ‘பிடிபட்டான், அழுதான், ஒப்புக்கொண்டான்’. பணம் படைத்தவர் கோடிக்கணக்கில் சுருட்டினார் என்று வழக்கே நடந்தாலும் அவர் ‘வந்தார், சிரித்தார், சென்றார்’. திருட்டின் அளவு பெருகப் பெருக விகுதியும் பன்மையாகிறது போலும்!

உழைக்கும் மக்கள் இதனை அறியாதவர் அல்லர். கீழைத் தஞ்சையில் 1940களில் பண்ணையாட்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்கள் கூலிநெல்லுக்காக மட்டும் போராடவில்லை. சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்தனர். இடுப்பில் கட்டிய துண்டைத் தோளில் போடும் உரிமைக்காக எழுந்தனர். நிமிர்ந்து நின்று பேசும் உரிமை அதனோடு ஒட்டியது. 1968 திசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயினர். அதன் முன்னிலையில் இருந்தது அரைப்படி நெல் பற்றிய வழக்கு மட்டுமன்று. கேட்கத் துணிந்தவன் என்னும் பகையும் அதில் இருந்தது. குனிந்தே நிற்கவேண்டியவன் நிமிர்ந்தான் என்பதுதான் அடுக்கின் மேலிருப்போர்க்குப் பொறுக்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொதுப்பார்வை உள்ள இடத்தில் குலப்பெயர் சொல்லி இழித்தல் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டது. நன்று. ஆயினும் குலப்பெயரைச் சொல்லாமலே சொல்லிவிடும் ஆற்றல் ‘டா’வுக்கு உண்டே! எவனுக்கு விழுகிறது என்பதைப் பார்த்தாலே எந்தக் குலம் என்பது தெரிந்துவிடுகிறதே! சட்டத்தின் வலையில் பெரிய மீன் சிக்கலாம். ஓரெழுத்து மீன் நழுவிவிடுகிறது.

ஆங்கிலத்தைக் காட்டி அடங்கிப்போகச் சொல்வோர் ஆங்கிலத்தின் கதையையாவது அறிந்தனரா? ஆங்கிலத்திலும் ஒருமை முன்னிலை ஒன்று தனியே இருந்தது. உயர்ந்தோர்க்குப் பன்மை, தாழ்ந்தோர்க்கு ஒருமை என்னும் வழக்கு அங்கும் இருந்தது. 1603இல் வால்ட்டர் இராலே என்பவர்மீது நடந்த இரண்டக வழக்கில், அரசுத் தலைமை வழக்குரைஞர் எட்வர்டு கோக் அந்த ஒருமைச் சொல்லைக் கொண்டே அவரைக் குத்தினார். அதே நூற்றாண்டில் சியார்சு பாக்சு என்பவரைப் பின்பற்றிய குவேக்கர் குழுவினர், ‘கடவுள்முன் அனைவரும் ஒன்று, எவருக்கும் ஒருமையே’ என்று உறுதிபூண்டனர். செல்வரையும் நடுவரையும் அவ்வாறே அழைத்து வசையும் அடியும் பெற்றனர்; தொப்பி கழற்ற மறுத்துச் சிறையும் புகுந்தனர். இன்று ஆங்கிலேயன் அனைவருக்கும் வழங்கும் சொல், முன்பு மேலோர்க்கு வழங்கிய பன்மைச் சொல்லே. அம்மொழி பிறக்கும்போதே ஒப்புரிமையோடு பிறக்கவில்லை. மேலே இருந்தவர்க்கு மட்டும் கொடுத்ததைக் கீழே இருந்தவர்க்கும் கொடுத்துக் கொடுத்து அந்நிலையை அடைந்தது.

பிறநாட்டாரும் இச்சிக்கலை எதிர்கொண்டனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793இல், அனைவரும் அனைவரையும் ஒருமையால் அழைக்கவேண்டும் என்ற கோரிக்கை நாட்டுப் பேரவைவரை சென்றது. அரசு மடல்களிலும் அந்நடை புகுந்தது. புரட்சி ஓய்ந்தபின் அதுவும் ஓய்ந்தது. உருசியாவில் 1917இல் பெத்திரோகிராடு தொழிலாளர், படைவீரர் மன்றம் வெளியிட்ட முதலாம் ஆணை, படைத்தலைவர்கள் வீரர்களை ஒருமையில் விளிப்பதைத் தடைசெய்தது. போர் மூண்டிருந்த நேரத்தில், சோற்றுக்கும் துமுக்கிக்கும் நடுவே, ஒரு முன்னிலைச் சொல்லுக்கு ஆணை எழுதினர்! அடிவாங்கியவனுக்குத்தான் தெரியும் அதன் எடை. சுவீடனில் 1967இல் மருத்துவத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற புரோர் இரெக்சேது, தம் பணியாளர் அனைவரையும் ஒருமையால் அழைக்கப்போவதாகவும் தம்மையும் அவ்வாறே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். சில ஆண்டுகளில் நாடே அவ்வழிக்கு வந்தது.

இரண்டு வழிகள் தெரிகின்றன. அனைவரையும் ஒருமைக்கு இறக்குவது ஒன்று. அனைவரையும் பன்மைக்கு உயர்த்துவது மற்றொன்று. தமிழர்க்கு எது பொருந்தும்? புறநானூற்றுக் காலத்துக்கே திரும்பி அனைவரும் ‘நீ’ என்று வழங்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கேட்பதற்கு இனிமைதான். ஆனால், அந்த எழுபது அகவை முதியவர்க்கு அதனால் என்ன கிடைக்கும்? அவர் பிறந்தநாள் முதல் ‘நீ’யையே கேட்டவர். அவருக்கு நாளையும் அதையே கொடுத்துவிட்டு ‘ஒப்புரிமை வந்துவிட்டது’ என்று முரசறைவது ஏமாற்றுவேலை. நூறு தலைமுறையாக மறுக்கப்பட்ட மதிப்பு முதலில் அவர் கைக்கு வந்துசேர வேண்டும். அதன்பின் அவரே விரும்பி ‘நீ’ என்று அழைக்கச் சொன்னால், அஃது அவர் கொடுக்கும் கொடை. ஆகவே, பொதுவாழ்வில் உயர்த்துவதே வழி, இறக்குவதன்று.

இது நடவாத செயலும் அன்று. பெரியார் தம்மைக் காண வந்த சிறுவரையும் ‘வாங்க’ என்றே அழைத்தார் என்பதை அவரோடு பழகியோர் பலரும் எழுதியுள்ளனர். 1932இல் அயல்நாட்டுச் செலவிலிருந்து திரும்பியவர், அனைவரையும் ‘தோழர்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுமாறு வேண்டினார். 1967இல் அமைந்த தமிழக அரசு, அரசு மடல்களில் இருந்த வடமொழி அடைகளை நீக்கித் திரு, திருமதி, செல்வி என்பவற்றை இட்டது. இன்று அவை ஒவ்வொரு திருமண அழைப்பிலும் உள்ளன. சொல்லை மாற்ற இயலாது என்போர்க்கு இவையே விடை.

அண்டைக் கேரளத்தைப் பார்த்தாவது நாணம் வரவேண்டும். மலையாளத்தில் ‘எடா, எடி, நீ’ என்பன தமிழின் ஏடா, ஏடி, நீ என்பவற்றோடு உடன்பிறந்தவை. அங்கும் காவலர் நாவில் அவையே விளையாடின. 2021 செபுத்தம்பரில் கேரள உயர்வழக்குமன்றம், பொதுமக்களைக் காவலர் இச்சொற்களால் விளித்தல் ஆகாது என்று கண்டித்தது. அடிமைப்படுத்திய அயலாட்சிக் காலத்து எச்சம் என்று அதனைச் சுட்டியது. காவல்துறைத் தலைவர் உடனே சுற்றறிக்கை விடுத்தார். அதே காலத்தில் பாலக்காட்டு மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்துக்கு வரும் மக்கள் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்கவேண்டியதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஓர் ஊராட்சி செய்ததை ஒரு நாடு செய்ய இயலாதா?

‘டா’வும் ‘சாரு’ம் ஒரே காசின் இரு முகங்கள் என்பதை அவ்வூராட்சி கண்டுகொண்டது. கீழே பார்த்தால் ‘டா’. மேலே பார்த்தால் ‘சார்’. மேலே குனிபவனே கீழே குத்துகிறான். அலுவலகத்தில் மேலாளரிடம் ‘சார்’ என்று நாள்முழுதும் நெளிந்தவன், மாலையில் வீட்டுக்கு வந்து தானியோட்டுநரைப் பார்த்து ‘எவ்வளவுடா?’ என்கிறான். விழுங்கிய இழிவை அங்கே கக்குகிறான். ‘ஐயா’, ‘அம்மா’ என்னும் அழகிய சொற்கள் தமிழில் இருக்கின்றன. அமைச்சர்க்கும் அவை பொருந்தும், தூய்மைப் பணியாளர்க்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்துத் தமிழர் ‘நீர்’ என்னும் நடுநிலைச் சொல்லை இன்றும் பேச்சில் வைத்திருக்கின்றனர். சொல்லுக்கா பஞ்சம்? நெஞ்சுக்கல்லவா பஞ்சம்!

தமிழ், தமிழ் என்று மேடையில் முழங்குவோர்க்கும் ஈண்டு ஒரு சொல் உண்டு. வடசொல்லைக் களைந்தவர், அயற்சொல்லை அகற்றியவர், தம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் உழைப்பாளியைத் தூய தமிழில் ‘என்னடா’ என்று கேட்டால், அத்தூய்மையால் ஆவது என்ன? பிறமொழிக் கலப்பு நாவின் அழுக்கு. மேல்கீழ் எண்ணம் நெஞ்சின் அழுக்கு. முன்னதை மட்டும் கழுவிவிட்டுப் பின்னதை வைத்துக்கொண்டிருப்பவன் தமிழ்காப்பவன் ஆகான். யாரைத் தமிழர் என்று அழைக்கின்றனரோ அவர்களுள் பாதிப்பேரைத் தமிழாலேயே குத்திக்கொண்டிருந்தால், அவர்கள் அம்மொழிக்காக ஏன் எழவேண்டும்?

எனவே மூன்று செயல்கள் உடனே வேண்டும். அரசு அலுவலகம், காவல்நிலையம், மருத்துவமனை, பள்ளி, பங்கீட்டுக்கடை ஆகிய எல்லா இடங்களிலும் வளர்ந்தோர் எவரையும் ஒருமையில் விளித்தல் தண்டத்துக்குரிய ஒழுங்கீனம் என்று ஆணை பிறத்தல் வேண்டும். செய்தித்தாள்கள் குற்றம்சாட்டப்பட்ட அனைவர்க்கும் ஒரே விகுதி இடவேண்டும். செல்வர்க்கு ‘ஆர்’ என்றால் ஏழைக்கும் ‘ஆர்’. மூன்றாவது செயல் எந்த அரசையும் எதிர்பாராதது. ஒவ்வொரு தமிழ்க்குடும்பமும் தன் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணையும், தெருவில் குப்பை அள்ள வரும் ஆளையும் நாளை காலைமுதல் ‘நீங்கள்’ என்று அழைக்கட்டும். குழந்தைகளுக்கும் அதையே கற்பிக்கட்டும். முதல்நாள் நா கூசும். கூசட்டும். இத்தனை நாள் கூசாமல் இருந்ததற்கு அதுவே தண்டம்.

‘டா’ ஒழியவேண்டும் என்பதன்று வேண்டுகோள். தாயின் வாயில் அது வாழட்டும். தோழர்தம் தோளில் அது கைபோடட்டும். காதலர் இருவரும் அதனை மாறிமாறிச் சொல்லிக்கொள்ளட்டும். பிடுங்கவேண்டியது அதனைச் சாட்டையாகச் சுழற்றும் கைகளிலிருந்து மட்டுமே.

அந்த வரப்பின்மீது ஒருநாள் அதே சிறுவன் எதிர்வந்து, “எங்கே போகிறீர்கள், தாத்தா?” என்று கேட்பான். முதியவர் நிமிர்ந்து, “வாய்க்காலுக்குத் தம்பி, நீயும் வாயேன்” என்பார். அன்றைக்குத் தமிழ் தன் பழைய இலக்கணத்துக்குத் திரும்பிவிட்டது என்று துணிந்து சொல்லலாம்.